பதினோரு நிமிஷம்

என் அண்ணன் சிட்டிபாபுவிடம் இதுவரை இரண்டு சைக்கிள்கள் இருந்திருக்கின்றன. முதலாவது எங்கள் அப்பா, நைனாவுடையது. அதில் அவன் கால்வாய்க் கரை வழியாகப் பதினோரு கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்கூடம் போனான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது, கம்பெனியில் இருந்த ஒரு கொரியாக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன கியர் சைக்கிள். விரல் தடிமனில் டயர், ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். அதில் ஏறியதும் ஊரே திரும்பிப் பார்த்தது. அதற்குள் அவனுக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. நிரந்தர வேலைக்காரன் சைக்கிள் ஓட்டினால் எங்கள் பக்கம் அதற்கு இரண்டே அர்த்தம்தான். வேலை போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தி போயிருக்க வேண்டும்.

எங்கள் ஊர் நாகலாபுரத்துக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவே, சென்னைக்குக் குடிதண்ணீர் போகும் கிருஷ்ணா கால்வாயை ஒட்டி இருக்கிறது. நைனா கங்கையா, கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கால்வாய்க்கு மண் சுமந்தவர். அப்போது எங்களுக்குக் கைப்பிடி நிலம் கிடையாது. கரையில் எங்கே நின்றாலும், “இது நான் கொட்டுன மண்ணு” என்பார். “மொத்தக் கரையையும் நீயேவா கொட்டுன நைனா?” என்று ஒரு தரம் கேட்டேன். செருப்பைக் கழற்றினார். அத்தோடு கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, சத்தியவேடு பக்கம் வந்த கம்பெனிகளில் ஒன்றில் சேர்ந்தான். தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, எட்டு மணி நேரம் நின்றபடி சின்னச் சின்னத் தகடுகளைப் பொருத்துகிற வேலை. கம்பெனி பஸ் வாசலுக்கே வந்து கூட்டிப்போகும். வசதிக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு எதற்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து கரையில் சைக்கிள் மிதிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“கம்பெனில ஜன்னலே இல்லடா” என்றான்.

நான் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து போனில் நேரம் பார்ப்பேன். கரைப் பாதை அந்த நேரத்தில் காலியாக இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர் சத்தமில்லாமல் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, அப்புறம் நெல், அப்புறம் மறுபடி கொல்லை. மஞ்சள் ஹெல்மெட் முதலில் புள்ளியாகத் தெரியும். கிட்டே வரும்போது சங்கிலி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும், தையல் மெஷின் மாதிரி. என்னைத் தாண்டும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். யாரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. வீட்டில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

சென்னையில் ஒரு சைக்கிள் கூட்டம் இருக்கிறது. அவர்கள் வைக்கிற இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் அண்ணன் பெயர் கொடுத்தான். விடியற்காலை ஐந்துக்குச் செங்குன்றத்தில் கிளம்ப வேண்டும். ரேணிகுண்டா வரை வந்து, அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, திரும்பச் செங்குன்றம் போக வேண்டும். பதிமூன்றரை மணி நேரம் கெடு. ஊத்துக்கோட்டை தாண்டி லாரித் தொல்லை என்பதால் பாதையை எங்கள் கால்வாய்க் கரை வழியாகவே போட்டிருந்தார்கள்.

அம்மா கமலம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை.

“மொதல்ல வந்தா இன்னா குடுப்பாங்க கண்ணு?”

“மொதல்ல வரதெல்லாம் இல்லம்மா. டைமுக்குள்ள முடிக்கணும், அவ்ளோதான்.”

“முடிச்சா?”

“முடிச்சதா அட்டைல முத்திர போடுவாங்க.”

அம்மா என்னைப் பார்த்தார். இவனுக்கு மந்திரிக்க யாரிடம் கூட்டிப்போகலாம் என்று கேட்கிற பார்வை.

முதல் தடவை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கருவேல முள் ஏறியது. மாற்று ட்யூப் ஒன்றுதான் வைத்திருந்தான், முள் இரண்டு. இரண்டாம் தடவை புத்தூரில் எங்கள் பெரியம்மா ருக்மணி கண்ணில் பட்டான். பெரியம்மா நடுரோட்டில் கையை விரித்து மறித்தது. “அய்யய்யோ, சைக்கிள்ல வரியேடா, வேல போயிடுச்சா?” என்று தோளைப் பிடித்துக்கொண்டு அழுதது. இல்லை பெரியம்மா, இது பந்தயம் மாதிரி என்று அவன் சொல்லச் சொல்ல, அம்மாவுக்குப் போன் போட்டுச் சேர்ந்து அழுதது. காபி குடிக்காமல் விடவில்லை. ரேணிகுண்டாவில் முத்திரை போடுகிறவர் நாற்காலியை மடித்துக் காரில் வைத்துவிட்ட பிறகுதான் அண்ணன் போய்ச் சேர்ந்தான். அங்கே முத்திரை வாங்கவும் தனிக் கெடு உண்டு. நான்கு நிமிஷம் தாமதம்.

சரி, இதோடு போகட்டும் என்று நினைத்தால், அடுத்த மாதம் விஜயபுரத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். வருவது மத்தியானம் என்று சொல்லியிருந்தார்கள், காலையிலேயே வந்துவிட்டார்கள். அண்ணன் கரையிலிருந்து திரும்பி, தொடையோடு ஒட்டின அரைக்கால் சட்டையும், பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் இரும்பு வைத்த ஷூவுமாக ‘டக் டக்’ என்று வாசலில் ஏறினான். பெண்ணின் மாமா ஒருவர் எழுந்து நின்று, “தம்பி சர்க்கஸ்ல இருக்காரா?” என்று நிஜமாகவே கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். அம்மா என் முதுகில் வைத்தது இரண்டு நாள் வலித்தது. அந்தச் சம்பந்தம் காபியோடு முடிந்தது.

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“இன்னும் ஒரே தடவம்மா. இந்த வாட்டியும் முடிக்கலன்னா சைக்கிள வித்துடறேன். மோட்டார் பைக் எடுக்கறேன். நீ காட்ற பொண்ணுக்குத் தலையாட்றேன்.”

“சொன்ன சொல்லு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன்.”

அவன் மாற மாட்டான் என்று எனக்குத் தெரியும். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத குணம். நான் வாக்குக் கொடுத்தால் அதில் நாலு ஓட்டை வைத்துத்தான் கொடுப்பேன்.

அம்மா அதோடு நிற்காமல் கங்கையம்மனுக்கும் ஒரு வேண்டுதல் வைத்தார். பெரியவனுக்குக் கல்யாணம் கூடி வந்தால் என்று இல்லை, கூடி வருவதற்காக முன்கூட்டியே, ஆடி மாதம் அம்மனுக்கு எடுக்கிற ஜாத்திரைத் திருவிழாவில் சின்னவன் வேஷம் கட்டுவான் என்று. சின்னவன் நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஓட்டம் வைத்த ஞாயிறும் ஜாத்திரை ஞாயிறும் ஒன்றாக வந்து தொலைத்தன. காப்புக் கட்டினால், ஜாத்திரை முடியும் வரை ஊர்க்காரன் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. அண்ணன் சனிக்கிழமையே செங்குன்றம் போய்ப் படுத்தால்தான் காலையில் கிளம்ப முடியும். கோயில் தர்மகர்த்தா சின்னசாமியிடம் போய் நின்றோம்.

“வெளிய படுக்கக் கூடாதுன்னா கூடாதுதான் பாபு” என்றார்.

“நைட் ஷிஃப்ட் போறவங்கள்லாம் போறாங்களே மாமா?”

“அவங்க எங்க படுக்கறாங்க? முழிச்சிக்கினு இல்ல இருக்காங்க?”

அம்மனும் கம்பெனியும் அவருக்குள் இப்படி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். “அப்ப நானும் முழிச்சிக்கறேன்” என்றான் அண்ணன். சனிக்கிழமை எட்டு மணிக்கே வீட்டில் படுத்து, ஒன்றரைக்கு எழுந்து, செங்குன்றம் வரை நாற்பத்தெட்டு கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு போனான். மற்றவர்கள் காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்குகிற இடத்துக்கு, என் அண்ணன் ஏற்கெனவே களைத்துப் போய்ச் சேர்ந்தான். அந்த நாற்பத்தெட்டுக்கு எந்த அட்டையிலும் முத்திரை கிடையாது.

எனக்கு விடிந்ததும் வேஷம் கட்டினார்கள். முகத்துக்குக் கரி, அதன்மேல் சுண்ணாம்புப் புள்ளி, அம்மாவின் பழைய புடவை, இடுப்பில் வேப்பிலை, ஒரு கையில் முறம், ஒரு கையில் துடைப்பம். வேஷக்காரனுக்குச் சட்டம் இப்படி: பொழுது சாயும் வரை யாரை வேண்டுமானாலும் திட்டலாம், யாரும் கோபப்படக் கூடாது. யாரை வேண்டுமானாலும் வழிமறிக்கலாம். மறித்தவன் முறத்தில் எதையாவது போட வேண்டும், வேஷக்காரன் வேப்பிலை கொடுத்த பிறகுதான் நகர வேண்டும். வேஷக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேண்டுதல் கெட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. மறித்த இடத்தில் மேளம் வந்துவிட்டால் மறிக்கப்பட்டவன் கோயிலைச் சேர்ந்தவன். ஒரு சுற்றுச் சுற்றி, கூழ் குடித்துவிட்டுத்தான் போகலாம்.

எனக்கென்றே செய்த சட்டம் மாதிரி இருந்தது. என்னைக் கணக்கில் ஃபெயிலாக்கிய மாஸ்டரை மறித்து, அவர் வழுக்கையைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பதினொரு மணிக்குள் எனக்கே அலுத்துவிட்டது. கரி அரித்தது. வேஷக்காரன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால், எல்லையாக இருந்த கால்வாய்ப் பாலத்தில் போய் நின்றுகொண்டேன்.

காலையில் ஏழரை வாக்கில் சைக்கிள்காரர்கள் ரேணிகுண்டா பக்கமாகப் போனபோதும் பாலத்தில்தான் இருந்தேன்; பதினெட்டுப் பேர் கூட்டமாக வந்தார்கள். அண்ணன் நடுவில் இருந்தான். நான் அசையவில்லை, போகட்டும் என்று விட்டேன். மூன்று இருபதுக்கு மஞ்சள் ஹெல்மெட் திரும்பி வந்தது, தனியாக. மனசுக்குள் கணக்குப் போட்டேன். இன்னும் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். மணிக்கு இருபது போனால் ஆறுக்குள் செங்குன்றம். கெடு ஆறரை. அரை மணிக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. அதில் இரண்டு நிமிஷம் எனக்குக் கொடுக்கலாம் என்று பட்டது.

நடுக்கரையில் நின்று துடைப்பத்தைத் தூக்கினேன்.

பிரேக் கிறீச்சிட்டது. ஷூ பெடலிலிருந்து ‘டக்’கென்று கழன்றது.

“யாரு நீ? அர டவுசர் போட்டுக்கினு அம்மன் ஊருக்குள்ள வரவன்?”

“சு...” என்று என் பெயரை ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். அம்மாவின் வேண்டுதல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “வெளையாடாத. வழி விடு.”

“மொறத்துல போடு, விடறேன்.”

முதுகுப்பக்கப் பையில் கைவிட்டு, ஒரு கடலை மிட்டாயும் பாதி வாழைப்பழமும் எடுத்துப் போட்டான். முகம் முழுக்க உப்புப் பூத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் சிரித்தான். கரையில் பார்ப்பேனே, அந்தச் சிரிப்பு. முதல் தடவையாக என்னைப் பார்த்து.

“இந்த வாட்டி முடிச்சிடுவேன்டா” என்றான், ரகசியம் மாதிரி.

அப்போதே வேப்பிலையைக் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். கையில்தான் இருந்தது. பாலத்தில் ஏழெட்டுப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்காக இன்னும் ஒன்றே ஒன்று சொன்னேன்.

“பைக் வாங்க வக்கில்ல, பொண்ணு கேக்குதா ஒனக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகச் சத்தமாகச் சிரித்தார்கள். கோயில் தெருவில் கூழ் குடித்துக்கொண்டிருந்த மேளக்காரர் ரங்கையாவுக்குக் கேட்கிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டால் வேஷக்காரன் யாரையோ பிடித்துவிட்டான் என்று அர்த்தம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு மேளத்தைக் கழுத்தில் மாட்டி அடித்துக்கொண்டே வந்துவிட்டார்.

நான் வேப்பிலையை அண்ணன் கையில் திணித்தேன். “போ, போ” என்றேன். மேளம் எங்கள் பக்கத்தில் நின்றிருந்தது. எங்கே போவான்?

அம்மா கூழ்ப்பானையோடு ஓடி வந்தார். கண்ணில் தண்ணீர். “பெரியவனே, அம்மனே ஒன்ன வழில நிறுத்திட்டாடா!”

நிறுத்தியது அம்மன் இல்லை, நான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. வேஷக்காரன் பேச்சை யார் நம்புவார்கள்?

“விடு கமலா, அவனுக்கு நேரமாவுது” என்று ஒரு குரல் கேட்டது. நைனா. இத்தனை நாள் அந்தச் சைக்கிளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட மனுஷன்.

“சாமி காரியத்துல நேரம் பாக்கறியா?” என்று அம்மா திரும்பியதும் அவர் அடங்கிவிட்டார். ஆனால் அண்ணன் கையிலிருந்து சைக்கிளை வாங்கிக்கொண்டார். புதுக் கன்றுக்குட்டியைப் பிடிப்பதுபோல, எங்கே பிடித்தால் எது உடையுமோ என்று பிடித்தார்.

மேளத்தோடு அண்ணனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். கோயில் என்பதால் ஷூவைக் கழற்ற வேண்டும். வார் இறுகிப்போய் அண்ணனுக்குக் குனிய முடியவில்லை, தொடை பிடித்துக்கொண்டது. மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். ஒரு சுற்றுச் சுற்றினான். கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு, கருவாட்டுக் குழம்போடு. அம்மா பக்கத்திலேயே நின்று, “முழுசாக் குடி கண்ணு” என்றார். அவன் சொம்பு விளிம்புக்கு மேலாக என்னைப் பார்த்தான். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. மணி என்ன என்று கேட்கிற பார்வை அது. நான் போனைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

மூன்று நாற்பத்தைந்துக்குப் பாலத்துக்குத் திரும்பினான். நைனா இரண்டு தண்ணீர் பாட்டிலையும் நிரப்பி வைத்திருந்தார். அண்ணன் ஏறியதும், சின்னப் பிள்ளைக்குச் சைக்கிள் பழக்குவதுபோல சீட்டுக்குக் கீழே கைவைத்துப் பத்தடி தள்ளிக்கொண்டு ஓடினார்.

“மிதிடா! கெட்டியா கொட்டுன மண்ணுதான், மிதி!”

மஞ்சள் ஹெல்மெட் புள்ளியாகிற வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் என் இடுப்பு வேப்பிலை படபடவென்று அடித்துக்கொண்டது. கிழக்கிலிருந்து காற்று. ஆடி மாதம் மேல்காற்றுதான் அடிக்கும் என்று நம்பித்தான் மணிக்கு இருபது என்று போட்டேன். சாயங்காலமானால் கடல்காற்று எதிரே எழும்பும் என்பது என் கணக்கில் இல்லை. அந்தக் கணக்கு மாஸ்டர் என்னைச் சரியாகத்தான் ஃபெயிலாக்கியிருக்கிறார்.

பொழுது சாய்ந்ததும் கால்வாயில் இறங்கி வேஷத்தைக் கழுவினேன். கரையில் வைத்திருந்த போன் ஆறு ஐம்பதுக்கு அடித்தது.

“பதினோரு நிமிஷம்டா” என்றான்.

ஈரக் கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“எதிர்க்காத்து” என்றான். “ரொம்ப எதிர்க்காத்துடா.” ஊரில் போன இருபத்தைந்து நிமிஷத்தைப் பற்றி அவன் பேசவே இல்லை. அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கு வரை பேசவில்லை. நாலு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிரவும் அவன் எல்லைக்குள்தான் படுக்க வேண்டும் என்பதால், இன்னொரு நாற்பத்தெட்டு கிலோமீட்டர் மிதித்து வீடு வந்து சேர்ந்தான். ஆக, ஒரே நாளில் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டிய என் அண்ணன், இருநூறு ஓட்ட முடியாதவன் என்று ஓர் அட்டையில் பதிவாகியிருக்கிறான்.

அடுத்த வாரம் அவனாகவே சொல்லிவிட்டான். “புத்தூர்ல ஒரு டிரில் மாஸ்டர் கேட்டாரு. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறாராம்.”

ஜெயித்த அம்மா சந்தோஷப்பட வேண்டும். அவர் அடுப்பைப் பார்த்தபடி, “ஒனக்கு எது சரியோ செய்யி கண்ணு” என்றார். நைனா வெளியே போய்விட்டார்.

அந்தச் சைக்கிளின் முன் சக்கரத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதைத் திருப்பினால் ஸ்பேனர் இல்லாமலே சக்கரம் கையோடு வந்துவிடும். எங்கள் வீட்டில் அது அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை டிரில் மாஸ்டர் வந்தபோது, முன் சக்கரம் இல்லாத சைக்கிள் மூக்கறுபட்டதுபோலச் சுவரில் சாய்ந்திருந்தது.

“ஏமய்யா இது? சக்ரம் ஏது?” என்றார் தெலுங்கில், சக்கரம் எங்கே என்று.

அண்ணன் சைக்கிளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

“டே, நீ எடுத்தியா?” என்றார் அம்மா.

“நான் எதுக்கு எடுக்கறேன்? ஒத்தச் சக்கரத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன், துன்றதா?”

“ஜாத்திரைக்கு எவனெவனோ வந்தானுங்க” என்றார் நைனா, கூரையைப் பார்த்துக்கொண்டு. நைனா பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவருக்கு வரவில்லை.

டிரில் மாஸ்டர் சக்கரம் கிடைத்தால் சொல்லும்படி சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல் மாறாத அண்ணன், சக்கரம் கிடைத்ததும் விற்பதாக அம்மாவிடம் மறுபடி வாக்குக் கொடுத்தான். இந்த வாக்கில் மட்டும் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை அவனும் தேடிப் பார்க்கவில்லை.

மோட்டார் பைக் வந்துவிட்டது. பெண் பார்க்கும் படலமும் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் நேரத்தோடு எழுந்து, போக இடமில்லாமல் வாசலில் நிற்கிறான். அதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சைக்கிளிடம் போவான். சங்கிலியைத் துடைப்பான், எண்ணெய் போடுவான், பின் சக்கரத்துக்கு மட்டும் காற்று அடிப்பான்.

போன வாரம் அடித்து முடித்துவிட்டு, பம்பை என் பக்கத்தில் வைத்தான்.

“அந்த முன்னதுக்கும் காத்து எறங்கியிருக்கும்டா” என்றான். “அப்படியே வெச்சா டயரு வெடிச்சிப் பூடும்.”

நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவன் உள்ளே போனதும் பம்பை எடுத்துக்கொண்டு வைக்கோல் போர்ப் பக்கம் போனேன்.